ஃபுல்பேக்: பந்து சுமப்பவரும் வழி திறப்பவரும்

2022ஆம் ஆண்டுப் பருவத்தில் அமெரிக்க விமானப்படை அகாடமி அணியின் பிராட் ராபர்ட்ஸ் 345 முறை பந்தை வாங்கி ஓடினார். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மேல்மட்டத்தில் அந்த ஆண்டு அவரளவுக்குப் பந்து சுமந்தவர் வேறு யாருமில்லை. சேர்த்த தூரம் 1,728 யார்டு. அவர் நின்ற இடம் ஃபுல்பேக். எட்டு ஆண்டுகளுக்கு முன், 2014இல், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மெல்வின் கோர்டன் 343 முறை ஓடி 2,587 யார்டு சேர்த்தார். ஏறக்குறைய அதே சுமைதான். ஆனால் கோர்டன் டெயில்பேக், பின்வரிசையில் கடைசியில் நிற்பவர். விஸ்கான்சினிலும் ஃபுல்பேக் உண்டு. கோர்டனுக்கு முன்னால் ஓடிப்போய் எதிரில் வருபவரை மோதித் தள்ளுவது அவர் வேலை. பந்து அவர் கைக்கு வந்தால் அது விசேஷம்.

கல்லூரிக் கால்பந்தில் ஃபுல்பேக் அழிந்துவிட்டார் என்று பல ஆண்டுகளாகவே இரங்கல் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. எந்த ஃபுல்பேக் என்று அவற்றில் பெரும்பாலானவை கேட்பதில்லை. ராபர்ட்ஸும், கோர்டனுக்கு வழி திறந்த டெரெக் வாட் போன்றவர்களும் வெவ்வேறு வேலை செய்தவர்கள், வெவ்வேறு காரணங்களால் ஓரங்கட்டப்பட்டவர்கள். அருகருகே நிறுத்திப் பார்த்தால்தான் எது போனது, எது போகவில்லை என்பது தெரியும்.

இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்க்காதவர்களுக்குச் சில வரிகள். ஒரு பக்கம் பதினொருவர், எதிர்ப்பக்கம் பதினொருவர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு. முன்வரிசையில் ஐந்து லைன்மேன்கள். நடுவில் நிற்பவர் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுக்க, குவார்ட்டர்பேக் வாங்குகிறார். அவருக்குப் பின்னால் நிற்பவர்களில் ஒருவர்தான் ஃபுல்பேக்.

ஓட்ட ஆட்டத்தின் அடிப்படைச் சிக்கல் ஓர் எளிய கணக்கு. எதிரணியில் பதினொருவரும் பிடிக்க வரலாம். தாக்கும் அணியில் ஒருவர் பந்தோடு ஓடுகிறார். பந்தைக் கொடுத்துவிட்ட குவார்ட்டர்பேக் வெறுமனே நிற்கிறார். ஆக, தடுக்க மிஞ்சுவது ஒன்பது பேர். எதிரணியில் இருவர் கூடுதல். அவர்களில் ஒருவர் ஆடுகளத்தின் ஆழத்தில், தொலைவில் இருப்பார், அவரை விட்டுவிடலாம். இன்னொருவரை என்ன செய்வது? ஓடி ஆட விரும்பும் பயிற்சியாளர் எவரும் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். இரண்டு ஃபுல்பேக்குகளும் இந்த ஒரே கேள்விக்குக் கிடைத்த இரண்டு பதில்கள்.

முதல் பதில் ஆப்ஷன் ஆட்டம். அந்த ஒருவரைத் தடுக்கவே வேண்டாம், அவர் முடிவெடுக்கட்டும், எடுத்த முடிவைத் தவறாக்கிவிடலாம் என்பது அதன் தர்க்கம். 1968இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் டேரல் ராயலின் கீழ் பணியாற்றிய எமரி பெல்லார்ட் இதை விஷ்போன் என்ற அமைப்பாக வடித்தார். குவார்ட்டர்பேக்குக்கு நேர் பின்னால் ஃபுல்பேக் ஸ்டீவ் வோர்ஸ்டர். அவருக்குப் பின்னால் இருபுறமும் இரண்டு ஹாஃப்பேக்குகள். முதல் ஆட்டம் சமன், இரண்டாவது தோல்வி. வோர்ஸ்டரைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தினார்கள், குவார்ட்டர்பேக்கையும் மாற்றினார்கள். அதன்பின் டெக்சாஸ் தொடர்ந்து 30 ஆட்டங்களில் வென்றது. 1971 புத்தாண்டு நாளில், பருவ முடிவு ஆட்டங்களில் ஒன்றான காட்டன் பௌலில் நோட்டர் டேம் வந்துதான் அந்த ஓட்டத்தை நிறுத்தியது.

பந்து புறப்பட்டதும் ஃபுல்பேக் ஒரே கோட்டில் முன்வரிசையின் இடைவெளியை நோக்கிப் பாய்கிறார். குவார்ட்டர்பேக் பந்தை அவர் வயிற்றோரம் வைக்கிறார், ஆனால் கையை எடுப்பதில்லை. இரண்டு கைகளுக்கும் வயிற்றுக்கும் நடுவே பந்து இருக்கும் அந்த நொடியில் குவார்ட்டர்பேக்கின் கண் வேண்டுமென்றே தடுக்காமல் விட்ட ஓர் எதிராளி மீது இருக்கிறது. அவர் ஃபுல்பேக் மீது பாய்ந்தால் பந்து திரும்ப இழுக்கப்படும். பாயாமல் வெளியே நகர்ந்தால் பந்து ஃபுல்பேக்குக்கே. இழுத்த பிறகு குவார்ட்டர்பேக் விளிம்பை நோக்கி ஓடுவார். அங்கே தடுக்கப்படாத இரண்டாவது எதிராளி காத்திருப்பார். அவர் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க வந்தால் பந்து பக்கவாட்டில் ஹாஃப்பேக்குக்கு வீசப்படும். ஒரே ஆட்டத்தில் மூன்று வழிகள் என்பதால் டிரிபிள் ஆப்ஷன் என்று பெயர்.

இதில் ஃபுல்பேக்கின் நிலை வினோதமானது. எங்கே ஓட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பந்து தன்னிடம் இருக்குமா என்பது தெரியாது. பந்தை இறுகப் பிடித்தால் குவார்ட்டர்பேக் இழுக்கும்போது கீழே விழும். தளர்வாக விட்டால் வாங்கும்போது நழுவும். மென்மையாகக் கவ்விக்கொண்டே முழு வேகத்தில் பாய வேண்டும். பந்து இல்லாவிட்டாலும் இருப்பதுபோல் ஓட வேண்டும், இருப்பதாக நினைத்து வருபவரிடம் அடியும் வாங்க வேண்டும். தூண்டில் புழுவும் அவரே, முள்ளும் அவரே. எதிரணி எப்போதும் முதலில் அடைக்க வேண்டியது அவர் பாயும் இடைவெளியைத்தான், ஏனென்றால் இலக்குக்கு மிகக் குறுகிய வழி அது. அவர் மூன்று, நான்கு யார்டு நிச்சயம் எடுப்பார் என்ற பயம் இல்லாவிட்டால் எதிரணி முழுதும் விளிம்புக்கு நகர்ந்துவிடும். பிறகு குவார்ட்டர்பேக்கும் ஓட முடியாது, ஹாஃப்பேக்கும் ஓட முடியாது.

இந்த ஆட்டத்தை நம் காலம் வரை இழுத்து வந்தவர் பால் ஜான்சன். ஜார்ஜியா சதர்னிலும் பின்னர் கடற்படை அகாடமியிலும் 2008 முதல் 2018 வரை ஜார்ஜியா டெக்கிலும் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். ஹாஃப்பேக்குகளை முன்வரிசையின் ஓரங்களுக்கு நகர்த்திய ஃப்ளெக்ஸ்போன் அமைப்பைத்தான் அவர் கையாண்டார். அதில் நடுவில் தனியாக நிற்கும் ஃபுல்பேக்கைப் பி-பேக் என்பார்கள். ஜார்ஜியா சதர்னில் அந்த இடத்தில் ஆடிய ஏட்ரியன் பீட்டர்சன் (ஓக்லஹோமாவில் ஆடிப் பின்னர் பெரும்புகழ் பெற்றவர் வேறொருவர்) 1999இல் இரண்டாம் மட்டக் கல்லூரி ஆட்டத்தின் தலைசிறந்த வீரருக்கான வால்டர் பேட்டன் விருதை வென்றார். 1999, 2000 இரண்டு ஆண்டுகளிலும் அணி சாம்பியன் ஆனது. ஜார்ஜியா டெக்கில் ஜானதன் ட்வயர் 2008இல் 1,395 யார்டு ஓடி அட்லாண்டிக் கோஸ்ட் மாநாட்டின் (மாநாடு என்பது கல்லூரி அணிகளின் லீக்) சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார்.

கடற்படை அணி 2004 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நியூ மெக்சிகோவுடன் ஆடிய எமரால்டு பௌல் இந்த ஆட்டமுறையின் குணத்தைக் காட்டும் நல்ல எடுத்துக்காட்டு. தன் 1 யார்டு கோட்டில் பந்தைப் பெற்ற கடற்படை, 26 முறை ஆடி 94 யார்டு நகர்ந்து, 14 நிமிடம் 26 விநாடி பந்தை வைத்திருந்தது. ஆட்டத்தின் ஒரு காற்பகுதியே 15 நிமிடம்தான்! முடிவில் கிடைத்தது ஒரு ஃபீல்டு கோலுக்குரிய மூன்றே புள்ளிகள். ஆனால் எதிரணி அதுவரை வெளியே உட்கார்ந்திருந்தது. 34-19 என்று கடற்படை வென்றது. அந்தப் பருவத்தின் ஃபுல்பேக் கைல் எக்கெல். ஒரு பாய்ச்சலுக்கு மூன்று நான்கு யார்டு என்று நடுவில் நசுக்கி நசுக்கி முன்னேறும் ஒருவர் இல்லாமல் அப்படியொரு நகர்வு நடக்காது. 2018இல் தரைப்படை அணி ஓக்லஹோமாவின் சொந்தத் திடலிலேயே 44 நிமிடம் 41 விநாடி பந்தைத் தன்னிடம் வைத்திருந்தது. கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை அந்த ஆண்டு வெல்லப்போகும் கைலர் மரே பெரும்பாலான நேரம் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். கூடுதல் நேரத்தில் 28-21 என்று தரைப்படை தோற்றது; ஆனாலும் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருப்பது தோற்ற அணிதான் என்பேன்.

படை அகாடமிகள் இந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டதற்கு ஏக்கம் காரணமல்ல. படிப்பு முடிந்ததும் படையில் பணியாற்ற வேண்டியவர்கள் அவர்கள்; உடல் தகுதி விதிகள் உண்டு. பெரிய பல்கலைக்கழகங்களில் இருப்பதுபோல் மலையளவு லைன்மேன்களைச் சேர்க்க முடியாது. எதிரணியின் மிக வலிமையான ஆளை நேரில் நின்று தடுக்க ஆள் இல்லாதபோது, அவரைத் தடுக்காமலேயே சமாளிக்கும் முறைதான் புத்திசாலித்தனம்.

இனி இரண்டாவது பதில். கூடுதலாக இருக்கும் அந்த ஒருவரை ஏமாற்றாமல், மோதல் நடக்கும் இடத்துக்கு நாமும் ஓர் ஆளைக் கூடுதலாகக் கொண்டுபோவது. ஐ அமைப்பில் குவார்ட்டர்பேக், ஃபுல்பேக், டெயில்பேக் மூவரும் ஒரே கோட்டில் நிற்பார்கள். எந்தப் பக்கமும் போகக்கூடிய ஃபுல்பேக் முன்வரிசைக்குப் பின்னால் ஒளித்துவைத்த தடுப்பாளர். எந்த இடைவெளியில் அவர் நுழைகிறாரோ அங்கே எதிரணி எதிர்பார்க்காத ஓர் இடைவெளி கூடுகிறது. பவர் என்ற ஆட்டத்தில் முன்வரிசையினர் எல்லோரும் ஒருபக்கமாக உள்நோக்கித் தள்ளுவார்கள். ஃபுல்பேக் விளிம்பில் நிற்கும் எதிராளியை வெளிநோக்கி மோதித் தள்ளுவார். மறுபக்கத்து கார்டு (முன்வரிசையில் நடுவருக்கு அடுத்து நிற்கும் லைன்மேன்) பின்வரிசை வழியாகச் சுற்றி வந்து அந்தத் திறப்புக்குள் நுழைவார். அவர் பின்னால் டெயில்பேக். ஐசோ என்ற ஆட்டம் இன்னும் நேரடியானது: ஃபுல்பேக் இடைவெளிக்குள் புகுந்து, எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரை நேருக்கு நேர் சந்திக்கிறார். இருவரும் முழு வேகத்தில்.

இந்த ஃபுல்பேக்குக்குத் தெரிவதும் தெரியாததும் முன்னவருக்கு நேர் தலைகீழ். பந்து தன்னிடம் வராது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். எதிரில் யார் வந்து நிற்பார் என்பதுதான் தெரியாது. தடுக்கப் போன விளிம்பு ஆள் உள்ளே மடங்கிவிட்டால் அவரை அப்படியே அடைத்துவிட்டு டெயில்பேக்கை வெளியே போகவிட வேண்டும். லைன்பேக்கர் வேறு இடைவெளிக்குத் தாவினால் ஓடும்போதே திசை மாற வேண்டும். எல்லாம் ஒரு விநாடிக்குள். யாருடைய தோள் தாழ்ந்திருக்கிறதோ அவர் வெல்வார் என்பதால் குட்டையாக, அகன்ற உடல்வாகோடு இருப்பவர்களே இதில் சிறப்பார்கள். தொலைக்காட்சிக் கேமரா பந்தைத் தொடர்கிறது, ஆகவே இவர் செய்த நல்ல வேலை டெயில்பேக்கின் நல்ல ஓட்டமாகத்தான் திரையில் தெரியும்.

விஸ்கான்சின் இந்த மரபின் தலைநகரம் போல இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே பல்கலைக்கழகத்தின் ஃபுல்பேக் ஆலன் அமீச்சி 1954இல் ஹைஸ்மன் விருதை வென்றது பந்து சுமந்துதான். அவருக்கும் முன்னால் 1945இல் தரைப்படை அணியின் ஃபுல்பேக் டாக் பிளான்சர்டு அதே விருதை வென்றிருந்தார். அந்த நாட்களில் இரண்டு வேலைகளும் பிரிந்திருக்கவில்லை. ஃபுல்பேக் தடுப்பார், ஓடுவார், எதிரணிப் பந்தின்போது லைன்பேக்கராகவும் நிற்பார். பின்னர் ஐ அமைப்பு பரவியபோது டெயில்பேக்கின் கைக்குப் பந்து போனது, ஃபுல்பேக்கின் பங்குக்கு மோதல் மட்டும் மிஞ்சியது. தெற்குக் கலிபோர்னியாவின் சாம் கன்னிங்ஹாம் போன்றோர் இந்த இரண்டு வகைகளுக்கும் நடுவில் நின்றவர்கள். 1970இல் பர்மிங்ஹாமில் அலபாமாவை எதிர்த்து 135 யார்டு ஓடினார், 1973 ரோஸ் பௌலில் நான்கு முறை பந்தை எதிரணியின் இறுதிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் டச்டவுன் எடுத்தார். அப்படிப்பட்டவர்கள் போகப்போகக் குறைந்தார்கள்.

பழைய கலவையின் கடைசி அதிசயம் என்று நான் நினைப்பது ஸ்டான்ஃபோர்டின் ஓவன் மரேசிக். ஜிம் ஹார்பா பயிற்சியில் 2009இல் டோபி கெர்ஹார்ட் 1,871 யார்டு ஓடி ஹைஸ்மன் வாக்கெடுப்பில் இரண்டாமிடம் பிடித்தபோது அவருக்கு முன்னால் வழி திறந்தவர் மரேசிக். அடுத்த ஆண்டு ஃபுல்பேக்காகவும் லைன்பேக்கராகவும் இரண்டு பக்கமும் ஆடினார். நோட்டர் டேமுக்கு எதிராகப் பந்தோடு பாய்ந்து ஒரு டச்டவுன். 13 விநாடி கழித்து எதிரணி எறிந்த பந்தைப் பறித்து இன்னொன்று. அந்த ஆண்டுதான் பல பணிகளில் சிறந்தவருக்கான பால் ஹார்னங் விருது முதன்முதலாக வழங்கப்பட்டது, பெற்றவர் அவர்.

இரண்டு வகையும் இன்று அருகிவிட்டன. ஆனால் அருகிய விதம் ஒன்றல்ல.

வழி திறக்கும் ஃபுல்பேக்கைக் காலி செய்தது பொருளாதாரம் என்றே சொல்லலாம். பல ஆண்டுகளாக மேல்மட்டப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குக் கால்பந்து உதவித்தொகை 85 பேருக்கு மட்டும்தான் என்றிருந்தது. ஆடுகளத்தின் முழு அகலத்துக்கும் ஆட்களைப் பரப்பும் ஸ்ப்ரெட் ஆட்டம் பரவியதும், ஓர் ஆட்டத்தில் சொற்ப நேரமே தேவைப்படுகிறவருக்கு அந்த இடத்தைத் தர பயிற்சியாளர்கள் யோசித்தார்கள். உயர்நிலைப் பள்ளிகளும் ஸ்ப்ரெட்டுக்கு மாறியதால் ஃபுல்பேக்காகவே வளர்ந்து வரும் பையன்கள் குறைந்தார்கள். மிஞ்சியவர்கள் வேறிடத்திலிருந்து மாற்றப்பட்டவர்கள்: விஸ்கான்சினின் அலெக் இங்கோல்டு பள்ளியில் குவார்ட்டர்பேக். மிச்சிகனின் பென் மேசன் 2018இல் ஃபுல்பேக்காக 7 டச்டவுன் எடுத்தவர். அடுத்த ஆண்டு புதிய தாக்குதல் பயிற்சியாளர் ஸ்ப்ரெட்டைக் கொண்டுவந்ததும் அவரைத் தற்காப்புப் பக்கத்துக்கு, டிஃபென்ஸிவ் டேக்கிளாக மாற்றினார்கள். பருவம் முடிவதற்குள் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. 2023இல் விஸ்கான்சினே புதிய தலைமைப் பயிற்சியாளர் லூக் ஃபிக்கெலின் கீழ் பந்தெறியும் ஆட்டத்துக்குத் தாவியது. அந்த ஆட்டத்தை வகுக்க அழைத்துவந்த ஃபில் லாங்கோவை 2024 நவம்பரில், பருவம் முடியும் முன்பே அவரே நீக்கினார். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் அல்ப மகிழ்ச்சி இருக்கிறது, மறைக்கவில்லை.

ஆப்ஷன் ஃபுல்பேக்கை அசைத்தது விதிப்புத்தகம். விளிம்பில் ஓடும் ஹாஃப்பேக்குக்காக மற்றவர்கள் எதிராளியின் இடுப்புக்குக் கீழே பாய்ந்து வீழ்த்துவது இந்த ஆட்டத்தின் முக்கியக் கருவி. காயங்களைக் குறைப்பதற்காக 2018இல் ஒரு கட்டுப்பாடும் 2022இல் இன்னும் கடுமையான ஒன்றும் வந்தன. முன்வரிசையின் நடுப்பகுதிக்கு வெளியே இடுப்புக்குக் கீழ் தடுப்பதே கூடாது என்றாயிற்று. தடை விளிம்பில், அடி நடுவில் விழுந்தது. விளிம்பு பற்றிய பயம் குறைந்ததும் எதிரணி நடுவில் ஆட்களைக் குவித்தது, ஃபுல்பேக்கின் நிச்சயமான மூன்று யார்டு நிச்சயமற்றதாயிற்று. 2022 விதிக்கு முன்பே ஜார்ஜியா டெக் விலகியிருந்தது. ஜான்சன் 2018 பருவத்தோடு ஓய்வு பெற்றார். 2019இல் வந்தவர் ஆப்ஷனை முழுதாகத் தூக்கி எறிந்தார். ட்வயரை உருவாக்கிய அந்த இடம் ஒரே கோடையில் இல்லாமல் போனது. பி-பேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது என்று எதுவும் கிடையாது. ஆட்டமுறை இருந்தால் அவர் இருப்பார், இல்லாவிட்டால் இல்லை.

இந்த இடத்தில்தான் என் தீர்ப்பு வழக்கமான இரங்கல் கட்டுரைகளிலிருந்து பிரிகிறது. ஆப்ஷனில் ஃபுல்பேக் இன்றியமையாதவர். அவரைக் கழற்றினால் இயந்திரமே நின்றுவிடும். ஐ அமைப்பில் அவர் மாற்றக்கூடியவர். அந்த மோதலை வேறொருவரும் நிகழ்த்தலாம். யார் தப்பிப் பிழைப்பார் என்று கேட்டால் முன்னவரைத்தான் சொல்லத் தோன்றும். நடந்தது நேர்மாறு. இன்றியமையாதவர் அகாடமிகளுக்கு வெளியே தன் ஆட்டமுறையோடு சேர்ந்து மறைந்தார். மாற்றக்கூடியவரோ வேறு சட்டை போட்டுக்கொண்டு எல்லா இடத்திலும் நடமாடுகிறார்.

அந்தச் சட்டைக்கு எச்-பேக் என்று பெயர். முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால், அதன் ஓரத்து லைன்மேனான டேக்கிளின் தோளோரம் நிற்பார். 2013இல் கஸ் மால்சான் பயிற்சியில் ஆபர்ன் அணி சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 328.3 யார்டு ஓடி நாட்டில் முதலிடம் பிடித்தது. அது ஸ்ப்ரெட் அணி, வேகமாக ஆடும் அணி, பழைமை எதுவும் அதில் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஜே ப்ராஷ் என்ற கட்டுறுதியான ஒருவர் குறுக்கே ஓடி யாரையாவது மோதிக்கொண்டிருந்தார். சில சமயம் விளிம்பு ஆளைத் தடுப்பார். சில சமயம் தடுக்கப் போவதுபோல் போய், கடைசி நொடியில் அவரைத் தாண்டி அடுத்தவரைத் தடுப்பார். விட்ட ஆளைக் குவார்ட்டர்பேக் நிக் மார்ஷல் பார்த்துக்கொண்டிருப்பார், அவர் எப்படி நகர்கிறாரோ அதற்கேற்பப் பந்தைக் கொடுப்பார் அல்லது வைத்துக்கொள்வார். பெல்லார்டின் பதிலும் ஐ அமைப்பின் பதிலும் ஒரே ஆட்டத்துக்குள் சேர்ந்துவிட்டன. அந்த ஆண்டு தென்கிழக்கு மாநாட்டு இறுதியில் ட்ரே மேசன் 304 யார்டு ஓடினார், மிசூரியை ஆபர்ன் 59-42 என்று வென்றது. ரிச் ராட்ரிகஸின் ஸ்ப்ரெட்டிலும், அதற்கும் முன்பே, மேற்கு வர்ஜீனியாவில் ஓவன் ஷ்மிட் என்ற முரட்டு ஃபுல்பேக் இருந்தார்; 2008 ஃபியஸ்டா பௌலில் ஓக்லஹோமாவுக்கு எதிராக 57 யார்டு ஓடி டச்டவுன் எடுத்தார். ஸ்ப்ரெட்தான் ஃபுல்பேக்கைக் கொன்றது என்பவர்கள் அந்த ஓட்டத்தை ஒருமுறை பார்க்கலாம்.

ஆப்ஷன் ஃபுல்பேக் செய்த வேலைக்கு என்ன ஆனது? அது குவார்ட்டர்பேக்கின் தலையில் விழுந்தது. புதிய விதிக்குப் பின் தரைப்படை அணி 2023இல், குவார்ட்டர்பேக் சில யார்டு பின்னால் நின்று பந்தை வாங்கும் ஷாட்கன் அமைப்புக்கு மாறிப் பார்த்தது, சரிவரவில்லை. பிறகு இரண்டையும் கலந்தது. 2024இல் அதன் குவார்ட்டர்பேக் பிரைசன் டெய்லி நடுவில் தானே மோதி மோதி 32 ஓட்ட டச்டவுன்கள் எடுத்தார். அமெரிக்கன் அத்லெட்டிக் மாநாட்டில் சேர்ந்த முதல் பருவத்திலேயே அணி சாம்பியன், மொத்தம் 12 வெற்றிகள். ஒரு தலைமுறைக்கு முன்பு அந்த யார்டுகளில் பெரும்பங்கு ஃபுல்பேக்கின் கணக்கில் ஏறியிருக்கும். கணக்கின்படி பார்த்தால் இது லாபம்: குவார்ட்டர்பேக்கே ஓடினால் சும்மா நிற்பவர் எவரும் இல்லை. ஆபத்தும் அங்கேதான். அவருக்குக் காயம் பட்டால் தாக்குதலின் மூளையும் தோளும் சேர்ந்து போகும். ஃபுல்பேக்குக்குப் பட்டால் அடுத்த ஃபுல்பேக் வருவார்.

தடுப்பாளருக்குத் திரும்பினால், 2024 ஜனவரியில் வாஷிங்டனை 34-13 என்று வென்று தேசியப் பட்டம் பெற்ற ஹார்பாவின் மிச்சிகன் அணியில் இடைவெளிகளுக்குள் முதலில் புகுந்தவர்களில் ஒருவர் மேக்ஸ் பிரெடிசன். அணிப் பட்டியலில் அவர் டைட் எண்ட், அதாவது முன்வரிசையின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர். செய்தது பழைய ஃபுல்பேக் வேலை.

அகாடமிகளில் ஃபுல்பேக் இன்னும் அந்தப் பெயரோடேயே நிற்கிறார். டிசம்பரின் இரண்டாவது சனிக்கிழமை தரைப்படையும் கடற்படையும் மோதும் ஆட்டத்தைப் பார்க்க வாய்த்தால், பந்தை விட்டுவிடுங்கள். குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் நிற்பவரின் முதல் மூன்று அடிகளையும், அவரைக் கண்டு எதிரணி லைன்பேக்கர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பதையும் மட்டும் பாருங்கள். பந்து எங்கே போகும் என்று உங்களுக்கே முன்கூட்டித் தெரியத் தொடங்கும்.